ஊன்றுகோலின் பூட்டு: எங்கே மசகு இடலாம், எங்கே இடலாகாது

இலண்டனில் வாழும் நம் முதியோர் பலரின் கையில் இன்று இருப்பது மரக் கைத்தடியன்று. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய அலுமினிய ஊன்றுகோலே. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்து நிற்க, இரண்டையும் ஒரு சிறு பூட்டு இணைத்துப் பிடித்திருக்கிறது. கைப்பிடியும் நிலத்தைத் தொடும் இறப்பர் முனையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இடையிலுள்ள அப்பூட்டு விலகினால் ஊன்றுகோல் ஒரு கணத்தில் குட்டையாகிவிடும். அதன்மீது சாய்ந்திருப்பவர் சாய்ந்த திசையிலேயே விழுவார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் ஊன்றுகோல் இறுகித் திரும்ப மறுத்தது. வீட்டிலிருந்த தையல் இயந்திர எண்ணெயில் நாலைந்து துளிகளை மூட்டில் விட்டேன். பூட்டு வெண்ணெய்போல் இலகுவாகத் திரும்பியது. நல்லதொரு வேலை செய்ததாக மகிழ்ந்தேன். மறுநாட் காலை அவர் வாசற்படியில் இறங்குகையில், உட்குழாய் நான்கு விரற்கடை அளவு மேலே வழுக்கி ஏறியது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டதால் மணிக்கட்டு வீக்கத்துடன் தப்பினார். பின்னர் அந்த ஊன்றுகோலுடன் வந்த துண்டுப்பிரசுரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் இடலாகாது என்று ஒரே வரியில் அதில் எழுதியிருந்தது. துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அந்த ஒரு வரியைப் படித்திருக்கவில்லை.

"இறுகினால் எண்ணெய் விடு" என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த அறிவு. கதவின் கீலுக்கும் கிணற்றுக் கப்பிக்கும் அது பொருந்தும். ஊன்றுகோலின் பூட்டுக்கோ, எவ்வகைப் பூட்டு என்று அறிந்த பின்னரே அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

மூன்று வகைப் பூட்டுகள்

உங்கள் ஊன்றுகோலைக் கையில் எடுத்து, இரு குழாய்களும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பின்வரும் மூன்றில் ஒன்று அங்கே இருக்கும்.

முதலாவது, பொத்தான் பூட்டு. வெளிக்குழாயில் வரிசையாகத் துளைகள் இருக்கும்; அவை பெரும்பாலும் ஓரங்குல (2.5 செ.மீ.) இடைவெளியில் அமைந்திருக்கும். உட்குழாயினுள் உள்ள சுருள்வில் அல்லது வளைந்த தகட்டுவில், ஓர் உலோகப் பொத்தானை அத்துளைகளில் ஒன்றினூடாக வெளியே தள்ளி நிறுத்தும். மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் ஊன்றுகோல்களும் முழங்கை ஊன்றுகோல்களும் பெரும்பாலும் இவ்வகையின. மூட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையமும் இருக்கலாம். அது குழாய்கள் ஆடி ஒலி எழுப்பாதிருக்க இறுக்குவதற்கானது. பாரத்தைத் தாங்குவது பொத்தானே.

இரண்டாவது, திருகு பூட்டு. வெளியே துளையோ பொத்தானோ தெரியாது. ஒரு குழாயைப் பிடித்து மற்றதைத் திருகினால் இறுகும். உட்குழாயின் முனையில் ஒரு திருகாணியும், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பானும் உள்ளன. திருகும்போது விரிப்பான் பருத்து, வெளிக்குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். பூங்காக்களில் நடைப்பயிற்சி செய்வோர் கொண்டுசெல்லும் இணை நடைக்கோல்களில் இதனைப் பரவலாகக் காணலாம்.

மூன்றாவது, நெம்புப் பூட்டு. மூட்டின் வெளியே ஒரு பட்டையும் அதில் மடங்கும் நெம்பும் இருக்கும். நெம்பை மூடினால் பட்டை குழாயைச் சுற்றி இறுகும். இறுக்கத்தின் அளவை ஒரு சிறு திருகாணி தீர்மானிக்கும்.

நினைவில் கொள்ள வேண்டிய ஒரே விதி

இம்மூன்றும் பாரத்தைத் தாங்கும் முறையில் வேறுபடுகின்றன. பொத்தான் பூட்டில், துளையின் விளிம்பு பொத்தானின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உலோகம் உலோகத்தைத் தடுத்து நிற்கிறது. அங்கே குழாய்கள் வழவழப்பாக இருந்தாலும் ஊன்றுகோல் சுருங்காது. திருகு பூட்டிலும் நெம்புப் பூட்டிலும் அவ்வாறு தடுத்து நிற்கும் பொருள் எதுவும் இல்லை. ஒரு பரப்பு இன்னொரு பரப்பை அழுத்திப் பிடிப்பதால் உண்டாகும் உராய்வு ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. எண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பது. ஆகவே அவ்விடத்தில் எண்ணெய் விடுவது, பூட்டைப் பராமரிப்பதாகாது, பூட்டைத் திறந்துவிடுவதாகும்.

விதியை இவ்வாறு சுருக்கலாம்: அசைய வேண்டிய இடத்துக்குச் சிறிதளவு மசகு இடலாம், பற்றிப்பிடிக்க வேண்டிய இடம் சுத்தமாகவும் உலர்ந்தும் எண்ணெயற்றும் இருக்க வேண்டும்.

அசைய வேண்டியவை: பொத்தானின் பக்கங்கள், அதனைத் தள்ளும் வில், நெம்பு சுழலும் அச்சு. பற்றிப்பிடிக்க வேண்டியவை: விரிப்பானின் வெளிப்புறம், வெளிக்குழாயின் உட்சுவர், நெம்புப் பட்டையின் உட்புறம், அப்பட்டை பிடிக்கும் குழாயின் மேற்பரப்பு, பொத்தான் பூட்டிலுள்ள இறுக்கு வளையம்.

பூட்டு ஏன் இறுகுகிறது?

அலுமினியம் இரும்பைப்போல் செந்துரு பிடிப்பதில்லை. காற்றுப் பட்டதும் அதன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி அதனைக் காக்கிறது. அப்படலத்தின் பெரும் பகை உப்பு. பனிக்காலத்தில் வீதிகளிலும் சில நடைபாதைகளிலும் பாறையுப்புத் தூவப்படுகிறது. அது கரைந்த நீர் ஊன்றுகோலின் அடிப்பகுதியில் தெறித்து மூட்டினுள் நுழைகிறது. உப்புநீர் தேங்கிய இடத்தில் அலுமினியம் சிறுசிறு குழிகளாக அரிக்கப்பட்டு, வெண்ணிறத் தூள் படிகிறது. அலுமினியக் குழாயும் உருக்கு வில்லும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வதுபோன்ற மாற்றம் நிகழ்ந்து அரிப்பு விரைவாகும். சவுத்எண்டுக்கோ பிரைட்டனுக்கோ சென்று கடற்கரையில் நடந்து திரும்பினாலும் இதுவே நேரும்.

கோடைகாலத் தேர்த்திருவிழாக்களில் வீதியில் உடைக்கப்படும் தேங்காயின் நீரும் மூட்டினுள் புகும். உலர்ந்தபின் அதிலுள்ள சர்க்கரை பிசினாகி மண்ணைப் பிடித்துவைக்கும். சேலை நூலும் கம்பளி இழைகளும் பொத்தானைச் சுற்றிக்கொள்வதும் உண்டு.

இக்காரணங்களில் எதற்கும் எண்ணெய் மருந்தன்று. அழுக்கின்மேல் எண்ணெய் விட்டால் அது அழுக்கைக் குழைத்து அரைக்கும் பசையாக்கிவிடும். இறுகிய பூட்டுகளிற் பல, கழுவி உலர்த்திய மாத்திரத்தில் சரியாகிவிடும். அதன் பின்னும் பொத்தான் மந்தமாக இருந்தால் மட்டுமே மசகைப் பற்றி எண்ண வேண்டும்.

எந்த மசகு, எது வேண்டாம்

பயன்படுத்தத்தக்கது சிலிக்கோன் தெளிப்பு, அல்லது உலர்ந்து மெல்லிய படலமாக நிற்கும் பி.ரி.எஃப்.ஈ. தெளிப்பு. இவை தூசியை அதிகம் ஈர்ப்பதில்லை. மிதிவண்டிக் கடைகளிலும் வீட்டுப் பொருத்துபொருட் கடைகளிலும் கிடைக்கும். ஊன்றுகோலுடன் வந்த அறிவுறுத்தல் வேறாகக் கூறினால் அதனையே பின்பற்றுக.

பின்வருவனவற்றைத் தவிர்க்க:

தேங்காய் எண்ணெய். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே இது உறைகிறது. இந்நாட்டின் பனிக்காலத்தில் பொத்தானின் வில்லைச் சுற்றி மெழுகுபோல் கட்டியாகி, பொத்தான் முழுமையாக வெளியே வருவதைத் தடுத்துவிடும்.

நல்லெண்ணெயும் ஏனைய சமையல் எண்ணெய்களும். நாட்பட்டால் காற்றுடன் சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும்.

தையல் இயந்திர எண்ணெய். மெல்லியதாகையால் எங்கும் பரவிப் பற்றிப்பிடிக்கும் பரப்புகளையும் சென்றடையும். கனிய எண்ணெய்கள் இயற்கை இறப்பரை ஊதி மென்மையாக்குவதால், நிலத்தைத் தொடும் இறப்பர் முனையும் பழுதாகும்.

டபிள்யூ.டி.-40. பல வீடுகளில் இருக்கும் இத்தெளிப்பு 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உருவாக்கப்பட்டது. பெயரின் இரு எழுத்துகள் நீரை விலக்குதலையும், 40 என்பது நாற்பதாவது கலவை என்பதையும் குறிக்கின்றன. இறுகிய திருகாணியைக் கழற்ற அது உதவும். ஆயினும் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம், உராய்வால் பிடிக்கும் பூட்டுக்கு ஆகாது.

காரீயத்தூள், அதாவது கிராபைட்டு. கதவுப் பூட்டுகளுக்கு இடுவது. ஈரமுள்ள இடத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பை விரைவாக்கும்.

சுத்தஞ் செய்வதிலும் கவனம் தேவை. பித்தளை விளக்கைப் புளியால் துலக்குவதும் பாத்திரத்தைச் சாம்பலால் தேய்ப்பதும் நமக்குப் பழக்கம். புளியின் அமிலமும் சாம்பலின் காரமும் அலுமினியத்தின் காப்புப் படலத்தை அரிக்கக்கூடியவை. பிளீச், அடுப்புச் சுத்தமாக்கி, சலவைச் சோடா ஆகியனவும் வேண்டா. இரும்புக் கம்பிப் பஞ்சு குழாயைக் கீறுவதோடு இரும்புத் துகள்களையும் விட்டுச்செல்லும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த இளஞ்சூட்டு நீரும், பழைய பற்தூரிகையும், பருத்தித் துணியும் போதும்.

பொத்தான் பூட்டைப் பராமரிக்கும் முறை

1. ஊன்றுகோல் இப்போது எந்தத் துளையில் நிற்கிறது என்பதை எண்ணி எழுதுக. அல்லது அத்துளையின் அருகே ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டுக. மீண்டும் பொருத்தும்போது ஒரு துளை தவறினாலும் உயரம் மாறிவிடும்.

2. இறுக்கு வளையம் இருந்தால் தளர்த்துக. பொத்தானை அழுத்தியபடி உட்குழாயை முழுவதும் வெளியே இழுத்தெடுக்க.

3. பொத்தானையும் துளைகளையும் சவர்க்கார நீரில் தோய்த்த தூரிகையால் தேய்த்து, தூய நீரால் கழுவுக. கழி ஒன்றில் துணியைச் சுற்றி வெளிக்குழாயின் உட்புறத்தைத் துடைக்க. வெண்தூள் படிந்திருந்தால் ஈரத்துணியால் அகற்றுக.

4. இரு குழாய்களையும் ஓரிரவு சாய்த்துவைத்து உலரவிடுக. வெப்பமூட்டியின் மேல் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வளையமும் இறப்பர் முனையும் உருமாறலாம். அந்நேரத்தில் நடப்பதற்கு மாற்று ஊன்றுகோல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

5. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையையும் பார்க்க. துளை வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு ஓடினாலோ அந்த ஊன்றுகோலைப் பயன்படுத்தலாகாது.

6. பொத்தானை விரலால் அழுத்தி விடுக. தானாகவே முழுமையாக எழுந்தால் மசகு தேவையில்லை. மெதுவாக எழுந்தால், சிலிக்கோன் தெளிப்பைப் பஞ்சு முனையுள்ள குச்சியில் தெளித்து, அக்குச்சியால் பொத்தானின் பக்கத்தை மட்டும் தொடுக. பத்துத் தடவை அழுத்தி விட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுக்க. பின்னரும் எழாவிட்டால் வில் வளைந்திருக்கலாம். திருத்த முயலாமல் மாற்றுக.

7. குழாய்களைப் பொருத்துக. பொத்தான் "டக்" என்ற ஒலியுடன் துளையினூடாக முழுமையாக வெளிவந்திருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்க. பாதி வெளிவந்த பொத்தான், பூட்டாத பூட்டே. இறுதியாக வளையத்தைக் கையால் இறுக்குக.

தெளிப்பை ஒருபோதும் ஊன்றுகோலின்மேல் நேராகத் தெளிக்க வேண்டாம். சிலிக்கோன் துகள் தரைவிரிப்பற்ற பலகைத் தரையிலோ வினைல் தரையிலோ படிந்தால், தரையே வழுக்குப்பாறையாகிவிடும். வெளியே, பழைய செய்தித்தாளின் மேல் இவ்வேலையைச் செய்க. இவ்வகைத் தெளிப்புகள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. எரிவாயு அடுப்புக்கும் சுவாமியறை விளக்குக்கும் அருகில் வேண்டாம்.

மடித்துப் பையில் வைக்கும் ஊன்றுகோல்களின் மூட்டுகளில் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நிற்கும் குழாய் முனைகளும், அவற்றை இழுத்துப்பிடிக்கும் மீள்நாடாவும் உள்ளன. அம்மூட்டுகளுக்கு மசகு எதுவும் இட வேண்டாம்.

திருகு பூட்டைப் பராமரிக்கும் முறை

1. பூட்டைத் தளர்த்தி உட்குழாயை வெளியே இழுக்க. தளர மறுத்தால் இருவர் இறப்பர்க் கையுறை அணிந்து எதிரெதிராகத் திருகுக. குறடு போட வேண்டாம். மெல்லிய குழாய் நசுங்கிவிடும்.

2. விரிப்பானைச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்க. அது வெடித்திருந்தாலோ தேய்ந்து பளபளப்பாகியிருந்தாலோ புதியது தேவை. பல உற்பத்தியாளர்கள் விரிப்பானைத் தனியாகவும் விற்கின்றனர். அதே குறுக்களவுடையதையே வாங்க வேண்டும்.

3. வெளிக்குழாயின் உட்சுவரைத் துணிசுற்றிய கழியால் துடைத்து, முற்றாக உலரவிடுக.

4. யாரேனும் முன்னர் எண்ணெய் விட்டிருந்தால், துணியில் எண்ணெய்க் கறை வராத வரை 2ஆம், 3ஆம் படிகளை மீண்டும் மீண்டும் செய்க. இதனையே நான் என் தாயாரின் ஊன்றுகோலுக்கு மூன்று தடவை செய்ய நேர்ந்தது.

5. திருகும்போது பூட்டு இறுகாமல் சுழன்றுகொண்டேயிருந்தால், விரிப்பான் உட்சுவரைத் தொடவில்லை என்பது பொருள். குழாயை வெளியே எடுத்து விரிப்பானைக் கையால் சற்றே திருகிப் பருக்கச் செய்து, மீண்டும் நுழைத்து இறுக்குக.

6. குழாயில் குறிக்கப்பட்டுள்ள இறுதி எல்லைக்கோட்டைத் தாண்டி நீட்ட வேண்டாம். எல்லைக்கு அப்பால் பூட்டுக்குப் பற்றிக்கொள்ளப் போதிய குழாய் இராது.

குளிரில் அலுமினியத்தைவிடப் பிளாஸ்டிக் கூடுதலாகச் சுருங்கும். ஆகையால் வெப்பமான வீட்டுக்குள் இறுக்கிய திருகு பூட்டு, பனிக்காலத் தெருவில் சற்றுத் தளரக்கூடும். வாசலைத் தாண்டியதும் ஒருமுறை நின்று இறுக்கிப் பார்க்கும் பழக்கம் நன்று.

நெம்புப் பூட்டைப் பராமரிக்கும் முறை

பட்டையின் உட்புறத்தையும் குழாயையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துக. நெம்பை மூடும்போது உள்ளங்கையால் சற்று அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம் சரியானது. விரல் நுனியால் எளிதாக மூடினால் தளர்வு. அப்போது திருகாணியைக் கால் சுற்று மட்டும் இறுக்கி மீண்டும் சோதிக்க. ஒரேயடியாக இறுக்கினால் பட்டை வெடிக்கவோ குழாய் ஒடுங்கவோ கூடும். நெம்பின் அச்சு கிறீச்சிட்டால் பஞ்சுக் குச்சியால் ஒரு சிறு தொடுகை மசகு போதும். அது பட்டையினுள் ஓடினால் உடனே துடைத்துவிடுக.

சாய்வதற்கு முன் சோதனை

பூட்டைக் கழற்றிப் பொருத்திய ஒவ்வொரு முறையும், அந்த ஊன்றுகோலைப் பயன்படுத்தும் முதியவருக்குமுன் உடல்வலுவுள்ள குடும்பத்தவர் ஒருவர் அதனைச் சோதிக்க வேண்டும். மூட்டில், இரு குழாய்களும் சந்திக்கும் இடத்தில், பென்சிலால் ஒரு கோடிடுக. சமையலறை மேடையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் ஊன்றுகோலை நேராக ஊன்றி, பாரத்தைப் படிப்படியாகக் கொடுத்துப் பத்து எண்ணுக. கோடு இம்மியளவு நகர்ந்திருந்தாலும் பூட்டு பிடிக்கவில்லை என்பதே முடிவு.

பின்னர் உயரத்தைச் சரிபார்க்க. வழக்கமாக அணியும் காலணியுடன், கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கும்போது, கைப்பிடி மணிக்கட்டின் மடிப்பு அளவில் இருக்க வேண்டும். ஊன்றியபோது முழங்கை சிறிது மடிந்திருக்கும். வலுக்குறைந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையிலேயே ஊன்றுகோலைப் பிடிக்குமாறு இயன்மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவர். உங்களுக்கென வேறு அறிவுரை தரப்பட்டிருந்தால் அதனைப் பின்பற்றுக.

இறப்பர் முனையையும் திருப்பிப் பாருங்கள். அடியிலுள்ள வளையக் கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் அதனை மாற்ற வேண்டும். சரியான பூட்டும் தேய்ந்த முனையும் சேர்ந்தது பாதுகாப்பான ஊன்றுகோலாகாது.

ஆண்டு முழுவதற்குமான ஒழுங்கு

பனிக்காலத்தில் உப்பிட்ட பாதையில் நடந்து வந்த நாளெல்லாம், ஊன்றுகோலின் கீழ்ப்பகுதியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துக. கடற்கரை சென்று வந்தால் அன்றே குழாய்களைக் கழற்றித் தூய நீரால் கழுவுக. மாதத்துக்கு ஒருமுறை பொத்தான், துளை, முனை மூன்றையும் பார்க்க. ஆண்டுக்கு இருமுறை, கடிகார நேரம் மாற்றப்படும் மார்ச்சு, அக்டோபர் மாதங்களின் இறுதி ஞாயிறுகளில், முழுச் சுத்தஞ் செய்வதென வைத்துக்கொண்டால் மறவாது. நீண்டநாள் பயன்படுத்தாத திருகு பூட்டுக் கோல்களைக் கழற்றிய நிலையிலேயே வைத்திருப்பது நல்லது.

சட்டம் தரும் உரிமைகள்

கடையில் வாங்கியதாயின்: 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கோரலாம். அதன் பின்னர் முதலில் திருத்தியோ மாற்றியோ தரக் கோரலாம். முதல் ஆறு மாதங்களுள் வெளிப்படும் குறை, பொருளைத் தந்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். அன்று இருக்கவில்லை என நிறுவுவது விற்றவரின் பொறுப்பு. இணையத்தில் வாங்கியதாயின், கையில் கிடைத்ததிலிருந்து 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலேயே கொள்வனவை இரத்துச் செய்ய, சில விதிவிலக்குகள் நீங்கலாக, உரிமையுண்டு.

பராமரிப்புக்கும் இவ்வுரிமைக்கும் தொடர்புண்டு. அறிவுறுத்தலுக்கு மாறாக எண்ணெய் விட்டிருந்தாலோ புதிதாகத் துளையிட்டிருந்தாலோ, குறை உங்கள் செயலால் வந்ததென விற்றவர் வாதிட இடமளித்தவராவீர்கள். ஆகவே துண்டுப்பிரசுரத்தையும் பற்றுச்சீட்டையும் ஒன்றாக வைத்திருங்கள். பற்றுச்சீட்டு தொலைந்தால் வங்கிக் கூற்றும் சான்றாகும். குறையைக் கண்டதும் நிழற்படம் எடுத்து வைக்க.

மருத்துவமனையோ நகரசபையோ இரவலாகத் தந்ததாயின்: அது உங்கள் உடைமையன்று. வெளியே துடைப்பதும் உலர்த்துவதும் உங்கள் பொறுப்பு. திருத்துவதும் பகுதிகளை மாற்றுவதும் தந்தவரின் பொறுப்பு. கருவியில் ஒட்டப்பட்டுள்ள சீட்டிலுள்ள எண்ணுடன் தொடர்புகொண்டு மாற்றித்தரக் கேளுங்கள். இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இன்னும் ஊன்றுகோல் இல்லாதோர்: இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், அன்றாட வாழ்வில் உதவி தேவைப்படுவதாகத் தோன்றும் எவரும் தேவை மதிப்பீட்டைக் கோரலாம். அதன்பின் நகரசபை வழங்கும் உதவிக் கருவிகளுக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. உரையாடலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனத் தொடக்கத்திலேயே கூறுக.

பூட்டு விலகி ஒருவர் விழ நேர்ந்தால்: தலையில் அடிபட்டவர் குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்பவராயின், வெளியே காயம் தெரியாவிடினும் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். அவசரமாயின் 999, அறிவுரைக்கு 111. அந்த ஊன்றுகோலை எறிந்துவிடாமல் இருந்தபடியே எடுத்து வையுங்கள். மருந்துகள் மற்றும் சுகாதாரப் பொருள்கள் ஒழுங்குமுறை முகமையின் "மஞ்சள் அட்டை" முறையில் பொதுமக்களும் பழுதான கருவியைப் பற்றி அறிவிக்கலாம். உங்கள் அறிவிப்பு, அதே வகையைப் பயன்படுத்தும் இன்னொருவரைக் காக்கக்கூடும்.

மீள்பார்வை வினாக்கள்

வீட்டிலுள்ள பிள்ளைகளும் பெரியோரும் சேர்ந்து விடை காண்க.

1. உங்கள் வீட்டு ஊன்றுகோலில் உள்ளது எவ்வகைப் பூட்டு? அதன் பாரத்தைத் தாங்குவது பொத்தானா, உராய்வா?

2. திருகு பூட்டு வழுக்குகிறது. முதலில் செய்ய வேண்டியது என்ன? (விடை: கழற்றி, கழுவி, உலர்த்துதல். மசகு இடலாகாது.)

3. பொத்தான் பாதியளவே வெளிவருகிறது. அன்று மட்டும் அப்படியே பயன்படுத்தலாமா? (விடை: ஒரு நாளும் கூடாது.)

4. துளையொன்று நீள்வட்டமாகிவிட்டது. அடுத்த துளைக்கு மாற்றிப் பயன்படுத்தலாமா? (விடை: கூடாது. உயரம் பொருந்தாது, குழாயும் தேய்ந்துவிட்டது. ஊன்றுகோலை மாற்றுக.)

என் தாயாரின் ஊன்றுகோல் இன்று பொத்தான் பூட்டுடையது. எண்ணெய்க் குப்பி மீண்டும் தையல் இயந்திரத்தின் அருகே சென்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் வெளியே புறப்படுமுன் அவரே பொத்தானைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். அதற்கு ஒரு நொடி போதும். இதனைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டுக் கதவோரம் சாய்ந்திருக்கும் ஊன்றுகோலை எடுத்து அவ்வாறே ஒருமுறை தடவிப் பாருங்கள்.